வேல்ஸ் பக்கம் போகிறவர்

விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று நெவில் டிரான்டரை யார் கேட்டாலும் பதினெட்டு வருஷமாக ஒரே பதில்தான். “வேல்ஸ் பக்கம்.” அதற்கு மேல் வாயைப் பிடுங்கினாலும் ஒன்றும் வராது. மலையா, கடலா, எந்த ஊர், எந்த ரோடு, ஒன்றும் கிடையாது. பில்ஸ்டன் பஸ் டிப்போவில் அவரோடு எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கிடந்தவர்கள் விடாமல் கிண்டுவார்கள்.

“வேல்ஸ்ல ஒரு சின்ன வீடு செட்டப் பண்ணி வெச்சிருக்காப்ல.”

“சின்ன வீடா? பொண்டாட்டி கிளெனிஸையும்ல கூட்டிட்டுப் போறாரு?”

“சரி, அப்ப ஐஸ்கிரீம் வாங்க ஆளு வேணுமில்ல, அதுக்கு.”

நெவில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவர் வேல்ஸுக்குப் போனதே கிடையாது. அவர் போகிற இடம் இங்கிலாந்துக்குள்ளேதான், ஷ்ராப்ஷயரில், எல்லைக்கு ஒன்றரை வயல் இந்தப் பக்கம். இந்தப் பொய்யில் அவருக்கு வெட்கமும் கிடையாது. காட்டோரமாக நல்ல கூடார இடம் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதைச் சம்பந்தி வீட்டுக்குக்கூடச் சொல்லமாட்டான். காளான் முளைக்கிற இடம் மாதிரி அது. வெளியே சொன்னால் அடுத்த வருஷம் உனக்கு மிச்சம் இருக்காது.

நெவில் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. அப்பா பஸ் ஓட்டினார். மகன் பதினாறு வயதில் அதே டிப்போவுக்குள் நுழைந்து பஸ்ஸைப் பிரித்துப் போட ஆரம்பித்தார். அறுபத்து மூன்றில் வெளியே வந்தார். நடுவில் ஒரு நாள் தாமதமாகப் போனதாக யாரும் சொன்னதில்லை. அவரிடம் ஒரே ஒரு சீக்கு. அடுத்த மனிதரைத் தொந்தரவு செய்வது என்றால் உடம்பெல்லாம் கூசும். ஒருமுறை சாப்பாட்டுக் கடையில் கோழி கேட்டார், மீன் வந்தது. மீன் அவருக்கு ஆகாது. திருப்பிக் கொடுக்காமல் முழுசாகத் தின்றுவிட்டு, “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் கக்கூஸே கதி.

“வாய் எதுக்கு இருக்கு உனக்கு?” என்று கேட்டாள் கிளெனிஸ், அவர் மனைவி. “மீன் திங்கவா?”

கிளெனிஸுக்கு வாய் உண்டு. காதுதான் போய்விட்டது. செவிடு இல்லை, செவிடாக இருந்தால்கூடத் தேவலை என்று சொல்லுவாள். சாஸ்பேன் மூடி அடிக்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை. நிமிஷத்துக்கு முப்பது மூடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு இடி. பட்டறை மூடிய பிறகும் சத்தம் அவள் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. கெட்டில் கொதிப்பதற்கு முன்னால் மெல்லிசாக ஒரு விசில் எழும்புமே, அது. கொதிக்கவும் கொதிக்காது, அணையவும் அணையாது. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

அமைதியான இடத்தில் ஒரு வாரம் இருந்தால் சரியாகும் என்று நெவில் நினைத்தார். மூன்று கோடை அலைந்தார்கள். முதல் இடத்தின் விளம்பரத்தில் ‘கானகத்தின் மடியில்’ என்று போட்டிருந்தான். போய்ப் பார்த்தால் பக்கத்துக் கூடாரக்காரன் டிவி பார்க்க ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தான். இரண்டாவது இடத்தில் ஊர்க்காரர்கள் சர்ச் மணி அடித்துப் பழகினார்கள், அதுவும் தப்பும் தவறுமாக. மூன்றாவது இடத்தில் காக்கை விரட்டுகிற வாயுத் துப்பாக்கி இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை வெடித்தது. காக்கைகள் அதன் குழாய் மேலேயே உட்கார்ந்திருந்தன.

நாலாவது கோடையில் நிஜமாகவே அமைதியான ஒரு பைன் காட்டைக் கண்டுபிடித்தார். பறவை கிடையாது, ஆள் கிடையாது, காற்றுகூடக் கிடையாது. நெவில் பெருமையாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது கிளெனிஸ் அழுதுகொண்டிருந்தாள்.

“நெவ், இங்க என் காது மட்டும்தான் சத்தம் போடுது.”

கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியில் ஒரு வயல்வெளியின் கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார் நெவில். வயலுக்கு அந்தப் பக்கம் ஓக் காடு. காட்டின் விளிம்பில் வெளுத்த பட்டையோடு ஏழு மரங்கள், ஆஸ்பென். நம் அரச மரத்துக்குச் சொந்தம் என்று சொல்லலாம் போல இலை, நீளக் காம்பு. வேறெந்த மரமும் அசையாத நேரத்திலும் அது சலசலத்துக்கொண்டிருக்கும். கிளெனிஸ் கால் நீட்டிக்கொள்ள இறங்கி, கேட்டைத் திறந்து, அந்த மரத்தடியில் போய் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். நெவில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போனார்.

“நின்னுருச்சு.”

“என்ன நின்னுருச்சு?”

“கெட்டில்.”

ஆக, வேண்டியது அமைதி இல்லை. அந்த இலைச் சத்தம். அது அவள் தலைக்குள் இருந்த விசிலின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க நாலு கோடை ஆயிற்று.

வயல் இட்ரிஸ் பெடோஸ் என்பவருடையது. ஆடு வளர்க்கிறவர், நெவிலைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வார்த்தையைக் கடன் கொடுப்பது போலப் பேசுகிறவர். தயங்கித் தயங்கி நெவில் கேட்டதற்கு, “கேட்டை மூடிட்டுப் போங்க” என்றார். அதுதான் அனுமதி. ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ், ஒரு தண்ணீர்க் குழாய், காசு போட கேட்டுக் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி. அடுத்த வருஷத்திலிருந்து ஜூன் முதல் வாரம் நெவிலுக்கும் கிளெனிஸுக்கும் அங்கேதான் கழிந்தது. அந்த ஏழு நாளும் அவள் பகலில்கூடத் தூங்கினாள். மிச்ச ஐம்பத்தோரு வாரத்தை அந்தத் தூக்கத்தை வைத்துத்தான் ஓட்டினாள்.

பதிவு செய்வது கிறிஸ்துமஸ் கார்டில். முப்பது வருஷமாக முகம் பார்க்காதவனுக்கும், சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய தம்பிக்கும்கூட டிசம்பரில் கார்டு போய்ச் சேரவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். நெவில் தன் கார்டில் வாழ்த்துக்குக் கீழே, “வழக்கமான வாரம்?” என்று எழுதுவார். ஒரு வாரத்தில் பெடோஸின் கார்டு வரும். அதில் வாழ்த்துக்குக் கீழே, “சரி. ஐ. பெடோஸ்.” ஒப்பந்தம் முடிந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கொருவர் போன் பேசியது கிடையாது. நெவில் அவரை இன்னும் மிஸ்டர் பெடோஸ் என்றுதான் கூப்பிட்டார்.

இதற்குள் மால்கம் யார்ட்லி வந்தது பதினேழாவது வருஷம்.

மால்கம் டிப்போவில் நெவிலின் கீழே வேலை கற்றவன், எட்டு வயது இளையவன். நல்ல சிரிப்புக்காரன். அவன் மனைவி லொரெய்ன் ஒரு நாள் கிளம்பிப் போய்விட்டாள், வீட்டுச் சமையலறைக்கு அலமாரி பொருத்த வந்தவனோடு. டிப்போ சும்மா இருக்குமா?

“அலமாரி வேலையையாச்சும் முடிச்சுக் குடுத்துட்டுப் போனானாடா?”

“ரெண்டு கதவு பாக்கி,” என்றான் மால்கம். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பிறகு மத்தியானங்களில் வண்டிக்குள் தனியே உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரிக்காமலேயே வைத்துக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரல் போகிற அளவுக்கு இளைத்துவிட்டான். நெவில் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கையைத் துடைத்துக்கொண்டு அவன் வண்டிக் கண்ணாடியைத் தட்டினார்.

“ஜூன் முதல் வாரம் ஏதாச்சும் வேலை இருக்கா?”

“எனக்கென்ன வேலை, நெவ்?”

“கூடாரம் ஒண்ணு தேத்திக்கோ.”

வீட்டில் கிளெனிஸ் கேட்டாள்: “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னியே?”

“அவன் யாரோ இல்லையே,” என்றார் நெவில்.

மால்கம் வந்தான். முதல் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாவது நாள் காலையில் பன்றி வறுவல் வாசனைக்கு எழுந்து வந்து ஆறு துண்டு தின்றான். பிறகு கிளெனிஸ் அவனை மரத்தடியில் உட்காரவைத்து, கெட்டில் கதையையும் இலைக் கதையையும் சொன்னாள். வெளியாள் ஒருவனிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மால்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்தில் கையை வைத்து, “செத்தாலும் இந்த இடத்தை எவன்கிட்டயும் சொல்லமாட்டேன், நெவ்” என்றான்.

அடுத்த வருஷம் தானாகவே பெடோஸிடம் கேட்டு, அவர்கள் கிளம்பிய பிறகு இரண்டு வாரம் தங்கினான். வீட்டை விற்றுப் பங்கு வந்ததும் வெள்ளையாக ஒரு கேரவன் வாங்கினான். கேரவன்காரர்களின் அமைதிப் பயணிகள் சங்கம் என்று ஒன்றில் சேர்ந்தான். தலையை நிமிர்த்தி நடந்தான். நெவிலுக்குச் சந்தோஷம்தான். “பையன் தேறிட்டான்” என்று கிளெனிஸிடம் சொன்னார்.

அந்த டிசம்பரில் மால்கம் ஒரு டப்பா நிறைய கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு வீட்டுக்கு வந்தான். மேஜை மேல் கார்டுகள் உறையோடு அடுக்கியிருந்தன. மேலே இருந்தது பெடோஸுடையது.

“நான் சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் போறேன். குடு, கையோட குடுத்துடறேன்.”

“எதுக்குப்பா உனக்குச் சிரமம்?”

“என்ன சிரமம்? ஸ்டாம்பு விக்கிற விலைக்கு நீ ராஜா தலைய ஒட்டுறதுக்குப் பதிலா என் தலைய நம்பலாம்.”

நெவில் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

பெடோஸின் கார்டு வந்தது. மண்வெட்டிப் பிடியில் உட்கார்ந்த ராபின் குருவி படம். உள்ளே, “கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஐ. பெடோஸ்.” அவ்வளவுதான்.

“சரின்னு போடலையே,” என்றாள் கிளெனிஸ்.

“வயசாச்சு. மறந்திருப்பாரு.”

“ஒரு போன் பண்ணிக் கேட்டுடு.”

“பண்டிகை நேரத்துல மனுஷனைத் தொந்தரவு பண்ணவா?”

பண்டிகை போயிற்று. பிறகு ஆடு குட்டி போடுகிற காலம், அப்போது விவசாயிக்குப் போன் போடக்கூடாது. குட்டி போட்டு முடிந்தபோது மே மாதம் ஆகிவிட்டது. இனிமேல் கேட்டால் அவர் மேல் நம்பிக்கை இல்லாதது போல இருக்கும். மீனை விழுங்கியது போலவே இதையும் விழுங்கினார்.

ஜூன் முதல் சனிக்கிழமை மத்தியானம், பழைய டீசல் வேனில் கூடாரம், கொட்டாப்புளி, முளைக்குச்சி, பன்றி இறைச்சி எல்லாவற்றோடும் போய் இறங்கினார்கள். கேட்டு புதுசு. அதில் பச்சைப் பலகை: அமைதிப் பயணிகள் சங்கம், உறுப்பினர்களுக்கு மட்டும். வயலுக்குள் ஐந்து வெள்ளைக் கேரவன்கள் பல் வரிசை மாதிரி நின்றன. காட்டு விளிம்பில் அவர்களுடைய இடத்தில் ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியில் பச்சைக் கையில்லாத கோட்டு, நெஞ்சில் வில்லை, மால்கம்.

அவன் எழுந்து வந்தான். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வந்தான்.

“நெவ்! கிளெனிஸ்! அடடே. கொஞ்சம் மெதுவா பேசுங்க, என்ன? இங்க சத்தம் கூடாது. வண்டிய அணைச்சிருங்க.”

நெவில் வண்டியை அணைத்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. “நல்லா வெச்சிருக்கியே,” என்றார். “வேலையா இங்க?”

“வார்டன். கோடை முழுக்க இங்கதான். மிஸ்டர் பெடோஸ் சங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டாரு.”

“சரி, அந்த ஓரமா கூடாரத்தை அடிச்சுக்கறோம். எங்க வாரம்.”

மால்கம் புல்லைப் பார்த்தான். “அஞ்சு வண்டிக்குத்தான் அனுமதி, நெவ். அஞ்சும் நெறஞ்சிருச்சு. அதும் உறுப்பினருக்கு மட்டும். சட்டத்த நானா போட்டேன்?” உள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். “இதை நிரப்பிக் குடு. உறுப்பினர் ஒருத்தர் சிபாரிசு பண்ணணும், நான் பண்றேன். ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்த டீசல் வண்டிய மட்டும் மாத்திரு. எஞ்சின் சத்தத்துக்கு ஒரு அளவு வெச்சிருக்காங்க.”

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்கள். இவன் மடத்தைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை. வாசலில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பமும் நீட்டினான்.

கிளெனிஸ் இதையெல்லாம் கேட்கவில்லை. அவள் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு.

“மூணு எங்க?”

மால்கமின் நாற்காலி பக்கத்தில் புதிதாக அறுத்த அடிமரம். அதன் மேல் அவனுடைய தேநீர்க் கோப்பை.

“பாதுகாப்பு பாக்குற ஆளு வந்தாரு. வண்டி மேல கிளை விழுந்தா யாரு பதில் சொல்றது? அதில்லாம,” அவன் குரல் இன்னும் இறங்கியது, “அந்த இலை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதுல்ல. உறுப்பினருங்க ரெண்டு பேரு புகார் குடுத்தாங்க. அமைதிக்குன்னு வர்றவங்க.”

கிளெனிஸ் அவனையே பார்த்தாள். அந்த மரத்தடியில் உட்காரவைத்து அவள் சொன்ன கதை அவனுக்கு மறந்திருக்க வழியில்லை. அவன் கோப்பையைப் பார்த்தான்.

நெவிலின் வாய் திறந்தது. நாற்பத்தேழு வருஷப் பழக்கத்தில் அதிலிருந்து வந்தது இதுதான்: “சரி, பரவாயில்ல.”

மால்கம் செய்ததைவிட அந்தப் பரவாயில்லைதான் அவரைப் பிறகு பல நாள் அரித்தது. சொந்த வாயே காலை வாரிவிட்டது.

பண்ணை வீட்டுக் கதவைத் தட்டியபோது பெடோஸ் உடனே உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் நின்றார்.

“ஆங். வந்தீங்களா. புது இடம் நல்லா அமைஞ்சுருச்சாமே. சந்தோஷம்.”

“எந்தப் புது இடம், மிஸ்டர் பெடோஸ்?”

“உங்க சிநேகிதர் டிசம்பர்ல வந்து சொன்னாரே. இனிமே நீங்க இந்தப் பக்கம் வரப்போறதில்ல, எங்கிட்ட சொல்லச் சங்கடப்படுறீங்கன்னு. நானும் பாத்தேன், உங்க கார்டு வரல.”

“கார்டு குடுத்தனுப்பினேனே!”

பெடோஸ் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகர டப்பாவோடு வந்தார். திறந்தார். வைக்கோல் கட்டுகிற கயிற்றால் கட்டிய ஒரு கத்தைக் கார்டு. பதினெட்டு. ஒவ்வொன்றிலும் நெவிலின் கோணல் எழுத்தில் ‘வழக்கமான வாரம்?’

“பத்தொன்பதாவது வரல,” என்றார் கிழவர். “நான் என் கார்டைப் போட்டேன். நீங்க போடாட்டியும் நான் போடணும்ல? அதுல சரின்னு எழுத முடியல. கேள்வி வந்தாத்தானே பதிலு. ஜனவரில சங்கத்துக்காரங்க வந்தாங்க. நீங்க வரமாட்டீங்கன்னு ஆனப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். மூணு வருஷத்துக்கு.”

“ஒரு போன் போட்டிருக்கலாமே,” என்றாள் கிளெனிஸ்.

“போடத்தான் நெனச்சேன். வேற இடம் பாத்துக்கிட்ட மனுஷனை எதுக்குப் போன் பண்ணிக் கூச வைக்கணும்னு விட்டுட்டேன்.” அவர் நெவிலைப் பார்த்தார். “நீங்க?”

நெவில் தரையைப் பார்த்தார். மரியாதையால் கெட்ட இரண்டு பேர் ஒரு நிலைப்படியின் இரு பக்கமும் நின்றார்கள். நடுவில் தகர டப்பா.

“பின்னால தோட்டம் இருக்கு. பிளம் மரம். அங்க அடிச்சுக்கங்க கூடாரத்தை. என் வீட்டுத் தோட்டத்துல யாரும் கேக்க முடியாது.”

கிளெனிஸ் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். தலையை ஆட்டினாள். “நல்ல தோட்டம்தான். பிளம் மரம் வாயத் திறக்காது, மிஸ்டர் பெடோஸ்.”

பிறகு அவள் வயலை நோக்கி நடந்தாள். நெவில் பின்னாலேயே ஓடினார்.

“மால்கம்!” என்று கேட்டிலிருந்தே கூப்பிட்டாள். சாஸ்பேன் மூடிப் பட்டறையில் அடுத்த மேஜைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய குரல். ஐந்து கேரவனிலும் திரை விலகியது.

“ஷ்ஷ்! கிளெனிஸ், இங்க…”

“கார்டு எங்கடா?”

“எந்தக் கார்டு?”

“ராஜா தலைக்குப் பதிலா உன் தலைய நம்பிக் குடுத்தோமே, அது.”

மால்கம் சிவந்துபோனான். காருக்குள் முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற டப்பாவைத் திறந்து, வரைபடங்களுக்கு அடியிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு வந்தான். பிரிக்கப்படவே இல்லை. “மறந்துட்டேன். சத்தியமா. அன்னிக்கு மழ வேற, கையில வேற சாமான்…”

“கார்டு மட்டும் மறந்துச்சு. நாங்க வரமாட்டோம்னு அதே சனிக்கிழமை அவர்கிட்ட சொல்ல மறக்கல, இல்ல?”

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். ஐந்து ஜன்னலிலும் முகம். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ரகசியம் பேசுகிற குரலிலேயே கத்தினான்:

“நீங்க ஒருத்தருக்கு ஒருத்தர் இருக்கீங்க. எங்க கொண்டுபோய் விட்டாலும் ரெண்டு பேரா இருப்பீங்க. எனக்கு என்ன இருக்கு? இந்த வயல்ல நிக்கிறப்பதான் நாலு பேரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. அந்தக் கார்டு போயிருந்தா கிழவன் கையெழுத்துப் போட்டிருப்பானா?”

“கேட்டிருந்தா,” என்றார் நெவில். குரல் அவருடையது போலவே இல்லை. “கேட்டிருந்தா, ஒரு வாரம் போக மிச்ச கோடை பூரா நீயே வெச்சுக்கோன்னு நானே சொல்லியிருப்பேன்டா. எனக்கு அந்த ஒரு வாரம்தான் வேணும். அவளுக்கு அந்த மரம்தான் வேணும். அது உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.”

அவர் அதிகம் பேசியது அவ்வளவுதான். கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். விண்ணப்பத்தாளை அடிமரத்தின் மேல், தேநீர்க் கோப்பைக்கு அடியில் பறந்துவிடாமல் வைத்தார். வெளியே வந்து கேட்டை மூடினார். மூடியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார். பதினெட்டு வருஷப் பழக்கம்.

வேனில் ஏறியதும் கிளெனிஸ் பின்னால் திரும்பி நாலு மரத்தையும் பார்த்தாள். காற்று இருந்தது, இலைகள் ஆடின.

“கேக்குதா?” என்றார்.

“மரம் கேக்குது. கெட்டிலும் கேக்குது. வண்டிய எடு.”

அந்த ஜூனில் அவளுக்குத் தூக்கம் இல்லை. ஜூலையிலும் இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிற்று, சும்மா சும்மா சீறினாள். நெவில் ஞாயிறுதோறும் வேனை எடுத்துக்கொண்டு போனார். கூடார இடங்களுக்குப் போய், இங்கே அமைதியாக இருக்குமா என்று கேட்கிற மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் போய், “இங்க என்ன மரம்?” என்று கேட்டார். தொந்தரவு என்று பார்க்காமல் கதவு கதவாகத் தட்டினார். ஒரு பண்ணைக்காரி நாயை அவிழ்த்துவிடுவதாகச் சொன்னாள். அவிழ்க்கட்டும் என்று நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒன்று கிடைத்தது. காட்டோரம்தான், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பையன்கள் பந்து உதைக்கிற மைதானம். ஞாயிறு பூராவும் கத்தல். வேலி நெடுக நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்லர் மரங்கள். ஆஸ்பெனுக்குப் பங்காளி. கிளெனிஸ் கூடார வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் கவனித்தாள்.

“நின்னுச்சா?”

“நிக்கல. அடுப்பைக் குறைச்ச மாதிரி இருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “போதும்,” என்றாள். அன்று மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள்.

அந்த இடத்தின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதப்போவதில்லை.

டிசம்பரில் கார்டுப் பட்டியலை எடுத்து, மால்கம் யார்ட்லி என்ற பெயர் மேல் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தார் நெவில். அந்த மனிதரின் அகராதியில் அதைவிடப் பெரிய வசை கிடையாது. செத்துப்போனவர்கள் பெயரைக்கூட அவர் அடிப்பதில்லை, ஓரத்தில் ஒரு புள்ளிதான் வைப்பார். பெடோஸின் கார்டில் வாழ்த்து மட்டும் எழுதினார், கேள்வி எழுதவில்லை. பழைய, பிரிக்காத உறையையும் அதோடு சேர்த்துப் பெரிய உறையில் வைத்தார். ஸ்டாம்பு ஒட்டி, தானே பெரிய தபாலாபீசுக்கு நடந்து, ஜன்னலுக்குள் இருந்தவரின் கையிலேயே கொடுத்தார்.

நாலு நாள் கழித்து போன் அடித்தது.

“டிரான்டர்? பெடோஸ் பேசறேன்.” பின்னால் நாய் குரைத்தது. அந்தக் குரலைப் போனில் கேட்பது அதுதான் முதல் தடவை. “பத்தொன்பதும் வந்துருச்சு. டப்பால வெச்சுட்டேன்.”

“நன்றி, மிஸ்டர் பெடோஸ்.”

“அந்த ஆளு கோடை முடிஞ்சும் போகல, இன்னும் இங்கதான் இருக்கான். அடிமரத்துல உக்காந்து ஷ்ஷ் ஷ்ஷ்ஷுன்னுக்கிட்டு. என் ஆடு கத்துனா எங்கிட்டயே புகார் சொல்றான். இன்னும் ரெண்டு வருஷம் நான் அனுபவிக்கணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “மரத்தடியில தூங்குவாங்களே வீட்டம்மா, இப்ப தூங்கறாங்களா?”

“தூங்கறா. பரவா…” நெவில் அந்தச் சொல்லைப் பாதியில் நிறுத்தினார். “முன்ன மாதிரி இல்ல. ஆனா தூங்கறா.”

“அப்ப இடம் ஒண்ணு கெடச்சுருச்சு.”

“ஆமா.”

“எந்தப் பக்கம்?”

நெவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த மனிதர் நல்லவர். பதினெட்டுக் கார்டைக் கயிறு கட்டி வைத்திருந்தவர். இவரிடம் சொன்னால் கல்லில் சொன்ன மாதிரி. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சமையலறையில் கிளெனிஸ் தட்டுகளைக் கழுவுகிற சத்தம் நின்றது, அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வேல்ஸ் பக்கம்,” என்றார் நெவில்.

அந்த முனையில் நாய் மறுபடி குரைத்தது. பெடோஸின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரிவதே வேல்ஸ்தான், ஒன்றரை வயல் தள்ளி.

“ஓ,” என்றார் கிழவர் கடைசியில். “வேல்ஸ் பக்கமா? நல்ல இடம்தான்.”